மோலி மீனுக்கு வெண்புள்ளி நோயா, பாக்டீரியாத் தொற்றா? உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். என் 60 லிட்டர் தொட்டியில் ஐந்து மோலிகளும் நான்கு கோரிடோரஸ் மீன்களும் உள்ளன. மூன்று நாட்களாக ஒரு மோலி துடுப்புகளை உடலோடு ஒட்டிக்கொண்டு, நீரின் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடியபடி நிற்கிறது. அதன் முதுகுத் துடுப்பின் அடியில் சேணம் போட்டதுபோல் சாம்பல் வெண்மைத் திட்டு ஒன்று படர்ந்திருக்கிறது, உதட்டோரத்திலும் பஞ்சு போன்ற ஏதோ தெரிகிறது. இன்னொரு மோலியின் வாலில் மட்டும் உப்புத்தூள் தூவியதுபோல் நான்கைந்து புள்ளிகள் உள்ளன.

நீரின் வெப்பநிலை 26 டிகிரி, நைட்ரைட் 0, அம்மோனியா 0.25 பிபிஎம். புதிதாக மீன் எதையும் விடவில்லை. வடிகட்டியின் பஞ்சைக் குழாய்நீரில் கழுவியதில் அதிலிருந்த நன்மை செய்யும் பாக்டீரியா அழிந்ததே அம்மோனியா தலைகாட்டக் காரணம் என்று நினைக்கிறேன் (என் அவசரபுத்திதான்). நேற்று மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றினேன்.

என் குழப்பம் இதுதான்: வெண்புள்ளி நோய் என்றால் ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சி விரைவாக முடிந்து, அது நீரில் நீந்தும் பருவத்தில் மருந்துக்கு அகப்படும் என்பதற்காக வெப்பத்தை 30 டிகிரி வரை உயர்த்துவார்கள்; ஆனால் இது கொலம்னாரிஸ் (சேணம் போன்ற திட்டையும் வாயோரப் பஞ்சையும் உண்டாக்கும்) பாக்டீரியாவாக இருந்தால் அதே வெப்பம் நோயை முற்றவைத்துவிடும். உப்பு போடலாம் என்றால் கோரிடோரஸ் அதிக உப்பைத் தாங்காது. திட்டு உள்ள மீனை மட்டும் தனித் தொட்டிக்கு மாற்றி, பாக்டீரியாவுக்கான மருந்தை அங்கே தொடங்கலாமா? வாலில் புள்ளியுள்ள மீனையும் உடன் மாற்ற வேண்டுமா? இவ்விரு நோய்களையும் நேரில் பார்த்துச் சிகிச்சை செய்தவர்கள் விரைவாகப் பதிலளித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.