முயல் குட்டிகளின் தீனியில் சோயாவுக்குப் பதிலாகக் கௌபி சேர்க்கலாமா?

தலவாக்கலை வாசகர்:
லயத்துக்குப் பின்னால் 12 பெண் முயல்கள் வளர்க்கிறேன். தீனியை நானே கலக்கிறேன். 100 கிலோவில் 15 கிலோ சோயாப் புண்ணாக்கு, மீதி சோளம், தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, உலர்புல். 2022இன் நெருக்கடிக்குப் பின் சோயாவின் விலை கட்டுப்படியாகவில்லை. மொனராகலையிலுள்ள உறவினர் கௌபி அனுப்பியதால், சோயாவை முழுவதும் நீக்கி, அதே 15 கிலோவுக்குப் பச்சைக் கௌபியை அரைத்துச் சேர்த்தேன். 35 நாளில் தாயிடமிருந்து பிரித்த குட்டிகளுக்குப் பிரித்த அன்றே இதைக் கொடுத்தேன். ஒரு வாரத்துக்குள் கழிச்சல் கண்டு மூன்று குட்டிகள் இறந்துவிட்டன. மனம் மிகவும் வருந்துகிறது. கௌபியே ஆகாதா, நான் செய்த முறைதான் பிழையா?

பதுளை கால்நடை வைத்தியர்:
கௌபி ஆகாததன்று. குட்டிகளைப் பார்க்காமல் நோயை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதில் மூன்று காரணங்கள் தெரிகின்றன.

சோயாப் புண்ணாக்கில் 44 வீதமளவு புரதம் உண்டு, கௌபியிலோ ஏறத்தாழ 24 வீதம்தான். 15 கிலோ சோயா தந்த 6.6 கிலோ புரதத்துக்குப் பதில் 3.6 கிலோவே கிடைத்திருக்கிறது. இதைவிடப் பெரிது மாப்பொருள். சோயாப் புண்ணாக்கில் அது மிகச் சொற்பம். கௌபியிலும் பட்டாணியிலும் பாதியளவுக்கு இருக்கும். பால் மறந்த புதிதில் குட்டியின் சதையி சுரக்கும் நொதியம் முழு வளர்ச்சி அடைந்திராததால், சமிக்காத மாப்பொருள், சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் பைபோல் உள்ள குருட்டுக்குடலுக்குப் போய், அங்கு வாழும் பற்றீரியாக்களின் சமநிலையைக் குலைக்கிறது. முயலுக்குக் குருட்டுக்குடல்தான் உயிர்நிலை. அங்கு உருவாகும் மென்மையான எச்சத்தைத் தானே மீண்டும் உண்டு புரதத்திலும் உயிர்ச்சத்திலும் ஒரு பங்கைப் பெறுகிறது. மூன்றாவது, பாலையும் பழகிய தீனியையும் ஒரே நாளில் இழந்ததை அந்தச் சிறு குடல் தாங்கவில்லை.

ஆகவே பாதியை மட்டும் மாற்றுங்கள். சோயா 7.5 கிலோ, கௌபி 14 கிலோ. சோளத்தில் 9 கிலோவைக் குறைத்து, மிஞ்சும் 2.5 கிலோ இடத்தில் உலர்புல் தூளைக் கூட்டுங்கள். மொத்தத் தீனியில் புரதம் 16 வீதத்தை ஒட்டியும், நார் 14 வீதத்துக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். அவரையினத் தானியங்களில் மெதியோனின் என்னும் அமினோ அமிலம் (புரதத்தின் ஒரு கூறு) குறைவு. அது மிகுந்த எள்ளுப் புண்ணாக்கு கிடைத்தால், தேங்காய்ப் புண்ணாக்கில் 2 கிலோவைக் குறைத்து அதைச் சேர்க்கலாம்.

வெலிமடைத் தோட்டக்காரர்:
வைத்தியர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பச்சைக் கௌபியில் புரதச் சமிபாட்டைத் தடுக்கும் பொருள்கள் உண்டு, வெப்பம் அவற்றை அழித்துவிடும். அவித்துக் காயவைக்க நம் மழையும் பனியும் விடுவதில்லை. ஈரம் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும், பூஞ்சணம் பிடித்த தானியம் முயலுக்கு நஞ்சு. ஆதலால் நான் தாச்சியில் நிறம் மாறும்வரை வறுத்து, ஆறியபின் அரைக்கிறேன். முற்றிய போஞ்சி விதையை மட்டும் வறுத்தும் கொடுக்க வேண்டாம். அதன் நஞ்சை நன்றாகக் கொதிக்க வைத்தால்தான் நம்பி முறிக்கலாம்.

தலவாக்கலை வாசகர்:
இருவருக்கும் மிக்க நன்றி. வேலியிலுள்ள இப்பில் இப்பில் இலையையும் குட்டிகளுக்குப் போடலாமா, ஐயா?

பதுளை கால்நடை வைத்தியர்:
இலையில் புரதம் நிறைய உண்டு, ஆனால் மிமோசின் என்னும் நச்சுப் பொருளும் இருக்கிறது. அளவு மிஞ்சினால் முயலுக்கு உரோமம் கொட்டும். வளர்ந்த முயலுக்குப் புல்லோடு ஒரு கைப்பிடி போதும், குட்டிகளுக்கு வேண்டாம். அடுத்த ஈற்றில் தாயோடு இருக்கும்போதே, 20 நாள் முதல், புதிய கலவையைச் சிறிது சிறிதாகக் கூண்டில் வையுங்கள். பிரித்த பிறகும் இரண்டு வாரம் அதே கலவையை மாற்றாமல் கொடுத்து, உலர்புல்லை எந்நேரமும் எட்டும்படி வையுங்கள். மீண்டும் கழிச்சல் கண்டால் காத்திராமல் அருகிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் குட்டியைக் கொண்டுபோங்கள்.