பழைய பிராங்கோவுக்கு ஏன் இவ்வளவு விலை?

டெக்சாஸ்வாசி: பக்கத்துத் தெருவில் 1974 ஃபோர்டு பிராங்கோ (ஜீப் மாதிரி கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டி) ஒன்று விற்பனைக்கு நிற்கிறது. ஏசி கிடையாது, சீட் கிழிந்திருக்கிறது. சொந்தக்காரர் புதுக் காரை விட அதிக விலை சொல்கிறார். ஏன்?

சேற்றுச்சக்கரம்: நான் இரண்டு பிராங்கோவைப் பிரித்துக் கட்டியவன். முதல் தலைமுறை 1966 முதல் 1977 வரைதான் வந்தது. 1978-ல் உடம்பு பெருத்து வேறு வண்டியாகிவிட்டது. அன்று யாரும் இதைச் சேகரிக்க வாங்கவில்லை, காட்டிலும் சேற்றிலும் அடித்து ஓட்டினார்கள். நிறைய வண்டிகளைத் துரு தின்றுவிட்டது. அப்புறம், பின்சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவைப் பாருங்கள். பெரிய டயர் போடுவதற்காக அந்தத் தகட்டைப் பலரும் வெட்டிவிட்டார்கள். வெட்டாத வண்டிக்குத்தான் மவுசு. என் முதல் வண்டியில் வெட்டியிருந்தது, அதைச் சரிசெய்யவே ஒரு கோடைக்காலம் முழுக்கப் போனது.

மலைப்பாதை: சிறுவயதில் ஆசைப்பட்டவர்கள் கையில் இப்போது காசு இருக்கிறது. 2020-ல் ஃபோர்டு புது பிராங்கோவைக் காட்டியதும் பழையதன் மேல் இன்னும் கண் விழுந்தது.

டெக்சாஸ்வாசி: இப்போதுதான் போய்ப் பார்த்தேன். வளைவு வெட்டாமல் இருக்கிறது!

சேற்றுச்சக்கரம்: சரி, டார்ச் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள். சேஸியையும் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) தரைத்தகட்டையும் துரு தின்றிருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.