டயர் காற்றைக் குறைத்தும் வண்டி மணலை விட்டு ஏறவில்லை: வழி சொல்லுங்கள்

நண்பர்களே, நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை போகும் எங்கள் 4x4 வண்டி மென்மணலில் அச்சு வரை இறங்கி நிற்கிறது. டயர் காற்றை 16 பிஎஸ்ஐக்குக் குறைத்து, லோ ரேஞ்சும் (வேகம் குறைந்து இழுவிசை கூடும் கியர் நிலை) போட்டாயிற்று. முன் இடது, பின் வலது சக்கரங்கள் மட்டும் சுழன்று மணலை வாரியிறைக்கின்றன. மற்ற இரண்டும் அசைய மறுக்கின்றன. ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் வேகம் தானாகவே அடங்கிவிடுகிறது. டிராக்‌ஷன் கன்ட்ரோல் (சக்கரம் வழுக்கிச் சுழன்றால் எஞ்சின் விசையைக் குறைக்கும் மின்னணு அமைப்பு) மீதுதான் எனக்குச் சந்தேகம். அதை அணைத்துவிடலாமா? இரு பக்கச் சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழல வைக்கும் டிஃபரன்ஷியல் லாக் வண்டியில் கிடையாது. அணைத்தால் விசை முழுவதும் வெறுமனே சுழலும் சக்கரங்களுக்கே போய்விடாதா?

காற்றை 12க்கு இறக்கினால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடுமோ என்றும் தயக்கம். வண்டியின் அடிவயிற்று மணலை வாரிவிட்டு, வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுப்பது நல்லதா? வேறு வண்டியை வரவழைக்கச் சொல்லாதீர்கள், இங்கே ஈ காக்கை கூட இல்லை.