காலையிலிருந்து சாப்பிடாமல் இருந்தும் எடை நின்றுவிட்டது: இன்னும் குறைப்பதா, கூட்டுவதா?

கொடுமுடி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். நான் ஈரோடு மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் பணிபுரிகிறேன். வயது 36, உயரம் 158 சென்டிமீட்டர். மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். மகனுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. கணவர் திருப்பூரில் தங்கி வேலை பார்ப்பதால் சனிக்கிழமை இரவுதான் வீட்டுக்கு வருவார். மாமியார் உடன் இருக்கிறார் என்றாலும், முழங்கால் வலியால் அடுப்படியில் நீண்ட நேரம் நிற்க அவரால் முடியாது.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது 75 கிலோ இருந்தேன். சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்ததில் முதல் இரண்டு மாதங்களில் 71-க்கு வந்தேன். அதன் பிறகு ஏழு வாரங்களாக எடைக் கருவியின் முள் அசையவே இல்லை.

என் நாள் இப்படித்தான் போகிறது. விடியற்காலை 4.45-க்கு எழுந்ததும் சர்க்கரை போட்ட காபி ஒரு தம்ளர். ஏழு மணிக்குள் காலைப் பலகாரமும் மதியச் சோறும் முடித்து, இருவருக்கும் ஊட்டி, மகன் மிச்சம் வைத்த அரைத் தோசையை நின்றபடியே விழுங்கிவிட்டு 7.20 பேருந்தைப் பிடிக்கிறேன். பள்ளியில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டப் பரிமாறலைக் கவனிக்கும் பொறுப்பு என்னுடையது. புதன்கிழமைதோறும் பொங்கலும் சாம்பாரும் ஆவி பறக்க வரும். பிள்ளைகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்பதைப் பார்த்துக்கொண்டு வெறும் வயிற்றோடு நிற்பேன். 12.45-க்கு இரண்டு கரண்டி ரசம் சோறும் கொஞ்சம் பொரியலும், அது முடிந்த கையோடு தேநீரும்தான் என் மதிய உணவு. மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் முறுக்கு டப்பாவைத்தான் கை தேடுகிறது. ஐந்தாறு முறுக்கு, பிள்ளைகளின் பிஸ்கட், தட்டுகளில் எஞ்சியவை என்று ஏதேதோ உள்ளே போகின்றன. அந்தக் குற்ற உணர்ச்சியில் இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்கிறேன். பிள்ளைகள் உறங்கிய பின் ஒன்பதரை மணிக்கு மீண்டும் டப்பாவைத் திறக்கிறேன்.

செப்டம்பரிலிருந்து முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறது. பேருந்தில் நின்றால் கண் இருட்டுகிறது. பிள்ளைகளிடம் காரணமின்றி எரிந்து விழுகிறேன். இன்னும் குறைக்க வேண்டுமா, அல்லது இதுவரை செய்ததே தவறா? கூட்ட வேண்டுமென்றால் எந்த நேரத்தில் சாப்பிடுவது?


வைகைக்கரை உணவியலாளர்:

ஆசிரியைக்கு வணக்கம். நான் மருத்துவமனையில் உணவு ஆலோசனை வழங்கும் பணியில் இருக்கிறேன். உங்களைப் போன்ற தாய்மார்களை வாரந்தோறும் பார்க்கிறேன். நீங்கள் எழுதிய நாளை நான் கூட்டிப் பார்த்தேன். மாலை ஐந்து மணி வரை உங்கள் உடலுக்குள் போவது ஏறத்தாழ 500 கலோரி மட்டுமே. அதன் பிறகு போவதோ அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் இருக்கக்கூடும், ஏனெனில் எண்ணெயில் பொரித்த முறுக்கு 100 கிராமிலேயே 500 கலோரியைத் தொட்டுவிடும். எனவே நாள் முழுவதும் பட்டினி கிடந்த உணர்வும், நாள் முடிவில் எடை குறையாத கணக்கும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கின்றன. நீங்கள் குறைவாகச் சாப்பிடவில்லை. சாப்பிட வேண்டிய நேரத்தில் சாப்பிடாமல், சாப்பிட்டதாக எண்ணாத நேரத்தில் சாப்பிடுகிறீர்கள்.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அளவுகளின்படி, 55 கிலோ எடையும் குறைந்த உடலுழைப்பும் உள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1660 கலோரி தேவை. உங்கள் எடைக்கும் ஓட்டத்துக்கும் 1900-ஐ ஒட்டி வரும். ஆகவே 1450 முதல் 1500 வரை சாப்பிட்டாலே வாரத்துக்கு 400 கிராம் அளவில் குறையும். வாரத்துக்கு அரைக் கிலோ என்பதே பாதுகாப்பான வேகம் என்றும், எடைக் குறைப்பு உணவு 1000 கலோரிக்குக் கீழே போகக் கூடாது என்றும் அந்நிறுவனத்தின் வழிகாட்டுதலே கூறுகிறது.

உங்கள் முடி உதிர்வுக்கு வருகிறேன். உணவை வெகுவாகக் குறைத்த இரண்டு, மூன்று மாதங்களுக்குப் பிறகே முடி கொட்டத் தொடங்கும் என்பதால், ஜூன் மாதப் பட்டினியின் பலனைச் செப்டம்பரில் பார்த்திருக்கிறீர்கள். இது பெரும்பாலும் திரும்ப வளரும். ஆனால் கண் இருட்டுவதைப் பட்டினியின் கணக்கில் மட்டும் எழுதிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். ஹீமோகுளோபின், உடலில் சேமிப்பாக உள்ள இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றை இந்த வாரமே பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை; அந்த நிலையில் எடையைப் பற்றிய பேச்சே இரண்டாவதாகத்தான் வர வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தேநீரும் காபியும் வேண்டாம். அவை உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கின்றன. நீங்களோ சோற்றுக் கையைக் கழுவியதும் தேநீரை எடுக்கிறீர்கள்.

புரதம்தான் உங்கள் நாளில் மிகப் பெரிய குறை. உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்ற கணக்கில் உங்களுக்கு ஏறத்தாழ 60 கிராம் வேண்டும். இப்போது அதில் பாதி கிடைத்தாலே அதிகம். புரதம் போதாமல் எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது, பசியும் அடங்குவதில்லை.

நேரம் பற்றிக் கேட்டீர்கள். வீட்டில் உட்கார்ந்து சாப்பிட முடியாதென்றால், உங்களுக்கென்று தனியாக ஒரு டிபன் பாக்ஸ் எடுத்துச் செல்லுங்கள். அதில் மூன்று இட்லி, கெட்டியான சாம்பார், ஒரு அவித்த முட்டை இருக்கட்டும். பிள்ளைகள் உண்டு எழுந்து காலை வணக்கக் கூட்டத்துக்கு மணி அடிப்பதற்குள் பத்து நிமிடமாவது கிடைக்கும் அல்லவா? அங்கேயே 15 கிராம் புரதம் சேர்ந்துவிடும். மதியம் ரசத்துக்குப் பதிலாகப் பருப்பு அதிகமுள்ள குழம்பு, அதனுடன் சுண்டல் ஒரு கிண்ணம், கெட்டித் தயிர் ஒரு கிண்ணம் வைத்துக்கொள்ளுங்கள். சோற்றைக் குறைக்க வேண்டியதில்லை. இரவு ஏழரைக்குப் பிள்ளைகளோடு அமர்ந்து இரண்டு சப்பாத்தியும் பருப்பும் சாப்பிடுங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியமாக, மாலை நாலேகாலுக்குப் பள்ளியை விட்டுக் கிளம்பும் முன்பே ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலையும் மோரும் சாப்பிட்டுவிடுங்கள். 30 கிராம் கடலையில் 170 கலோரிதான். ஆனால் வீட்டு வாசலில் உங்களுக்காகக் காத்திருக்கும் அந்தப் பசியை அது பேருந்து ஏறும் முன்பே முடித்துவிடும்.


பதினாறு மணி நேரம்:

மருத்துவ விளக்கம் நன்றாக இருந்தது. எனினும் 16 மணி நேரம் உண்ணாமல் இருந்து 8 மணி நேரத்துக்குள் உணவை முடித்துக்கொள்ளும் முறையில் நான் ஐந்து மாதங்களில் ஒன்பது கிலோ குறைத்தேன். ஆசிரியை காலை உணவைத் தவிர்ப்பது பாதி வழி வந்ததற்குச் சமம்; மாலை ஏழு மணிக்கு மேல் வாயைக் கட்டினால் போதும்.


வைகைக்கரை உணவியலாளர்:

உங்களுக்குப் பலன் கிடைத்ததில் மகிழ்ச்சி. ஆனால் அந்தப் பாதி வழிதான் இவரை முறுக்கு டப்பாவிடம் கொண்டுபோய் விட்டிருக்கிறது. சீனாவின் குவாங்சோ நகரில் உடல் பருமன் கொண்ட 139 பேரை ஓராண்டு கவனித்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அளவு கலோரியை எட்டு மணி நேரத்துக்குள் உண்டவர்களுக்கும் நாள் முழுவதும் பிரித்து உண்டவர்களுக்கும் எடைக் குறைப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. யாருக்கு எது எளிதோ அதைச் செய்யலாம். விடியற்காலையிலிருந்து நின்றபடி உழைக்கும் ஒருவருக்கு அது எளிதன்று.


ஓசூர் இரவுப்பணி அப்பா:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் தொழிற்சாலையில் முறைப்பணி செய்கிறேன், மனைவி செவிலியர். இருவரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருப்பது மாதத்தில் ஆறேழு நாள்தான் என்பதால் சமையல் என் பொறுப்பில் வந்தது. 14 மாதங்களில் 11 கிலோ குறைத்திருக்கிறேன். என்ன சாப்பிட வேண்டும் என்பது எனக்கும் முன்பே தெரிந்துதான் இருந்தது. காலை ஐந்து மணிக்கு அதைச் செய்ய ஆள் இல்லை என்பதுதான் சிக்கல். ஆகவே செய்முறையை மட்டும் எழுதுகிறேன்.

சனிக்கிழமை இரவு கால் கிலோ கருப்புக் கொண்டைக்கடலையை ஊற வைக்கிறேன். ஞாயிறு காலை உப்புப் போட்டுக் குக்கரில் வேக வைத்து, ஆறியதும் ஐந்து சிறு டப்பாக்களில் பிரிக்கிறேன். இரண்டு டப்பா குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கும், மூன்று உறைபெட்டிக்கும் போகின்றன. ஒரு டப்பாவில் பத்து கிராம் புரதம் இருக்கும். காலையில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்ட இரண்டு நிமிடம் போதும். முட்டைக்குத் தனி அடுப்பு தேவையில்லை. இட்லிப் பானையின் அடித் தண்ணீரிலேயே முட்டைகளைக் கழுவிப் போட்டுவிடுவேன், இட்லி வேகும் நேரத்தில் அவையும் வெந்துவிடும். உங்கள் பக்கத்து அரிசிம்பருப்புச் சாதத்தில் பருப்பை இரு மடங்காக்கினால் ஒரே குக்கரில் மதியச் சாப்பாடு முடிந்துவிடும் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை.

எண்ணெயைக் கரண்டியால் அளப்பது எனக்கு ஒத்து வரவில்லை. மாதக் கணக்குப் பார்த்தேன். நான்கு பேருக்கு மாதம் நான்கு லிட்டர் ஆகிக்கொண்டிருந்தது. தலைக்கு நாளொன்றுக்கு 33 மில்லி, அதாவது ஏறத்தாழ 270 கலோரி. இப்போது இரண்டரை லிட்டருக்கு மேல் வாங்குவதில்லை, தீர்ந்தால் அந்த மாதம் தீர்ந்ததுதான்.

பிள்ளைகளின் மிச்சத்தைப் பற்றி ஒரு சொல். வீணாகிறதே என்று நாம் உண்பது நம் தலைமுறையின் பழக்கம். அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் முதலில் அரைத் தோசை வைத்து, கேட்டால் மறுபாதி வைத்தால் மிச்சமே வருவதில்லை.


கீரைத்தோட்டம்:

அம்மா, நான் ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியை. உங்கள் மாமியார் வயது இருக்கும். உணவுக் கணக்கை மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். ‘குற்ற உணர்ச்சி’ என்று நீங்கள் எழுதிய சொல்லைப் பற்றி மட்டும் கூற விரும்புகிறேன்.

அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-இன் இறுதியில் தொடங்கி ஆன்செல் கீஸ் என்னும் உடலியல் அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். போரில் பசியால் வாடிய மக்களை எப்படி மீட்பது என்று அறிவதற்காக, ஆரோக்கியமான 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தனர். அவர்களுக்கு அளிக்கப்பட்டது நாளொன்றுக்குச் சுமார் 1570 கலோரி. அவர்கள் சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், தட்டை நக்கினார்கள், எரிச்சலடைந்தார்கள், உணவைத் தவிர வேறு நினைவின்றி இருந்தார்கள். முறையாக உண்ணத் தொடங்கிய பிறகும் பலருக்கு அந்தப் பசி நெடுநாள் அடங்கவில்லை. அவர்கள் உங்களைவிட உயரமான ஆண்கள், நிறைய நடக்க வைக்கப்பட்டவர்கள், ஆகவே எண்ணை எண்ணோடு ஒப்பிட வேண்டாம். ஆனால் இரவு ஒன்பதரைக்கு டப்பாவைத் திறக்கும் உங்கள் கையை மனவலிமை இல்லாத கை என்று நினைக்காதீர்கள். பகலில் மறுக்கப்பட்டதை உடல் இரவில் வசூலிக்கிறது.

“இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்று யாரேனும் உங்களிடம் கொள்ளுக் கஞ்சியை மட்டும் குடிக்கச் சொல்லக்கூடும், கொங்கு நாட்டில் நிச்சயம் சொல்வார்கள். கொள்ளு கொழுப்பைக் கரைக்காது. நல்ல புரதம் உள்ள பயறு, அவ்வளவே. துவையலாகவோ கடைந்தோ சோற்றோடு உண்ணுங்கள், சோற்றுக்குப் பதிலாக வேண்டாம்.

உங்கள் தட்டை நீங்களே முதலில் எடுத்து வையுங்கள். எங்கள் காலத்தில் எல்லோரும் உண்டபின் சட்டியில் உள்ளதை உண்பதே பெண்ணுக்கு அழகு என்றார்கள். சட்டியில் உண்டால் அளவும் தெரியாது, உண்ட நினைவும் இருக்காது.


கொடுமுடி ஆசிரியை:

ஆறு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.6 என்று வந்தது. தைராய்டும் சர்க்கரையும் சரியாக உள்ளன. மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார். மதியத் தேநீரை மூன்று மணி இடைவேளைக்குத் தள்ளிவிட்டேன்.

டிபன் பாக்ஸ் முதல் வாரம் வெட்கமாக இருந்தது. இப்போது சத்துணவுக் கூடத்து அக்காவே மணி அடிக்கும் முன் “டீச்சர், சாப்பிட்டீங்களா?” என்று கேட்டுவிடுகிறார். முதல் இரண்டு வாரங்களில் எடை 600 கிராம் கூடியபோது எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்றே தோன்றியது. ஐயா சொன்ன எண்ணெய்க் கணக்கு மாமியாருக்கு மிகவும் பிடித்துப்போனது, பாட்டிலில் கோடு போட்டு அவரே காவல் இருக்கிறார். இன்று காலை 69.9 கிலோ. முடி இன்னும் உதிர்கிறது. பேருந்தில் கண் இருட்டுவது பெரிதும் குறைந்திருக்கிறது. முறுக்கு டப்பா அதே இடத்தில்தான் இருக்கிறது. கடலை சாப்பிட்டு வரும் நாளில் இரண்டோடு மூடி வைக்க முடிகிறது, மறந்து வரும் நாளில் பழைய கதைதான்.

வெள்ளிக்கிழமைதான் இன்னும் கைக்கு வரவில்லை. வாரத் தொடக்கத்தில் அரைத்த மாவு வியாழனோடு தீர்ந்துவிடுகிறது. களைப்பும் சேர்ந்துகொள்ள, அன்று டப்பா இல்லாமலே கிளம்பிவிடுகிறேன். புளிக்க வைக்கத் தேவையில்லாத, பத்து நிமிடத்தில் முடிகிற ஏதேனும் இருந்தால் எழுதுங்கள்.


ஓசூர் இரவுப்பணி அப்பா:

வியாழன் இரவு படுக்கும் முன் ஒரு தம்ளர் பச்சைப்பயற்றையும் ஒரு கைப்பிடி அரிசியையும் ஊற வையுங்கள். காலையில் இஞ்சி, பச்சைமிளகாய், சீரகம், உப்புச் சேர்த்து அரைத்து உடனே தோசையாக ஊற்றலாம். எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை இதுதான். ஆறினாலும் விறைக்காது, தொட்டுக்கொள்ள முந்தின நாள் தக்காளித் தொக்கு போதும்.