வேட்பாளர் செய்தியில் பாரபட்சம்: எப்படி நிரூபிப்பது, எங்கே புகார் கொடுப்பது?

வேளச்சேரி வாசகர்:
எங்கள் தொகுதியில் ஒரு வேட்பாளரின் பிரசாரம் உள்பக்க மூலையில் நாலு வரி வருகிறது. எதிர் வேட்பாளருக்கு முதல் பக்கம், படத்தோடு. வாட்ஸ்அப் குழுவில் "மீடியா விலைபோயிடுச்சு" என்று திட்டுவதோடு சரி. இதை ஆதாரத்தோடு காட்ட என்ன வழி?

அச்சுமை:
அளந்து காட்டுங்கள். ஒரு நாள் பேப்பரை நீட்டினால் யாரும் ஏற்க மாட்டார்கள். குறைந்தது 14 நாள், நான்கு நாளிதழ், எல்லாம் சென்னைப் பதிப்பாகவே இருக்கட்டும். உள்ளூர்ப் பக்கங்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். செங்கல்பட்டுப் பதிப்பு ஒன்று கலந்தாலும் கணக்கு கெட்டுவிடும். செய்தியின் உயரத்தை ஸ்கேலால் அளந்து, பத்தி எண்ணிக்கையால் பெருக்குங்கள்: 3 பத்தி, 12 செ.மீ. என்றால் 36. படத்தைத் தனியாகக் குறியுங்கள். பக்க எண், மேல்பாதியா கீழ்ப்பாதியா என்பதும் வேண்டும்.

தொனிக்குத் தலைப்பின் வினைச்சொல்லைப் பாருங்கள். 'குற்றம்சாட்டினார்' என்றால் நிருபர் விலகி நிற்கிறார். 'அம்பலப்படுத்தினார்' என்றால் குற்றச்சாட்டு உண்மை என்று அவரே சொல்லிவிட்டார். ஒருவர் சொன்னால் 'விளக்கம்', மற்றவர் சொன்னால் 'மழுப்பல்'. சாய்வு பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும். இரண்டு பேர் தனித்தனியாகக் குறித்து ஒப்பிடுங்கள். பத்துச் செய்தியில் இரண்டுக்கு மேல் மாறினால், குறிக்கும் விதியைத் திருத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

பலர் கோட்டைவிடுவது ஒப்பீட்டில். ஒருவர் 20 கூட்டம் நடத்தி, மற்றவர் 5 நடத்தினால் இடம் வேறுபடத்தான் செய்யும். கூட்டத்துக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். கட்சித் தலைவர் வந்த நாளைத் தனியே வையுங்கள். முரசொலி, கலைஞர் டிவி, ஜெயா டிவி போன்றவற்றைச் சேர்க்க வேண்டாம். அவை யார் பக்கம் என்பது ஊரறிந்தது.

தேர்தல் கணக்கு:
சாய்வு வேறு, பெய்டு நியூஸ் (காசு வாங்கிக்கொண்டு செய்தி போலப் போடுவது) வேறு. தேர்தல் ஆணையம் நடவடிக்கை எடுப்பது இரண்டாவதற்குத்தான். ஒரே செய்தி, ஒரே படம் வெவ்வேறு நிருபர் பெயரில் போட்டிப் பத்திரிகைகளில் வருவதும், ஒரே பக்கத்தில் இரண்டு வேட்பாளரும் ஜெயிப்பார்கள் என்று புகழ்வதும் அதன் அடையாளங்கள். இரண்டு பேப்பரையும் தேதியோடு இணைத்து, மாவட்ட ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவுக்குக் கொடுங்கள். சென்னையில் மாவட்டத் தேர்தல் அலுவலர் மாநகராட்சி ஆணையர்தான், ரிப்பன் மாளிகை.

தாமதிக்காதீர்கள். செய்தி வந்த 96 மணி நேரத்துக்குள் தேர்தல் நடத்தும் அலுவலர் வேட்பாளருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அவர் 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும். நிரூபணமானால் விளம்பரக் கட்டணம் அவர் செலவுக் கணக்கில் ஏறும். சட்டமன்றத் தொகுதிக்கு இங்கே உச்சவரம்பு 40 லட்சம். உத்தரப் பிரதேசத்தில் பிசௌலி எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவ் இப்படிச் செலவை மறைத்ததற்காக 2011-ல் மூன்று ஆண்டுகள் தகுதி இழந்தார்.

மயிலை 4:
வெறும் சாய்வு என்றால் பிரஸ் கவுன்சில், அதாவது பத்திரிகைகள் மீதான புகாரை விசாரிக்கும் அமைப்பு. முதலில் ஆசிரியருக்கு எழுதி, அந்த நகலோடு போக வேண்டும். நாளிதழுக்கு, செய்தி வந்ததிலிருந்து 2 மாதக் கெடு. கண்டிக்கலாம், அபராதம் போட முடியாது. டிவிக்கு அது செல்லாது. சேனலுக்கே எழுதுங்கள், 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். ஒளிபரப்பான தேதி, நேரம் அவசியம். சேனல் பதிவை 90 நாள்தான் வைத்திருக்கும்.

வேளச்சேரி வாசகர்:
பத்தி அகலம் பேப்பருக்குப் பேப்பர் மாறுகிறதே?

அச்சுமை:
அப்படியானால் அகலத்தையும் செ.மீ.யில் அளந்து சதுர செ.மீ. போடுங்கள். இ-பேப்பரில் அளக்காதீர்கள், திரையில் பெரிதாக்கும்போது அளவு மாறிவிடும்.