புற்றுநோய்க்குக் கொடுத்த மாத்திரை கேட்காமல் போன பிறகு உங்கள் வீட்டில் என்ன முடிவெடுத்தீர்கள்?

பாம்பன் மகள்
அம்மாவுக்கு மார்பில் வந்தது கல்லீரலுக்குப் போய்விட்டது. லெட்ரோசோல், பால்போசிக்ளிப் மாத்திரைகள் நன்றாகத்தான் பிடித்து நிறுத்தியிருந்தன. இந்த ஸ்கேனில் புதிய புள்ளிகள். மதுரையில் டாக்டர் இரண்டு வழி சொன்னார். வாராவாரம் வந்து பாக்லிடாக்செல் ஊசி, இல்லையென்றால் வீட்டிலேயே கேப்சிடபைன் மாத்திரை, 14 நாள் எடுத்து 7 நாள் விட வேண்டும். முடி அவ்வளவாகக் கொட்டாது, அலைச்சலும் குறைவு. மாத்திரைதான் என்று நான் மனத்துக்குள் முடிவு செய்துவிட்டேன்.

அப்போது அவர், "உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரியும், சிலருக்குத் தோல் உரியும்" என்றார். அம்மா இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தாள். இளம் வயதிலிருந்து விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, பாறையில் மரிக்கொழுந்துப் பாசி பறித்த கைகள். இப்போது கடலில் இறங்குவதில்லை. கரையில் உட்கார்ந்து பாசியைக் காயவைத்து, கல்லும் சிப்பியும் பொறுக்குகிறாள். "இதுவும் போனால் நான் என்ன சார் செய்வேன்?" என்றாள். டாக்டர் அவள் கைகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அடுத்த வாரம் சொல்வதாகக் கிளம்பி வந்துவிட்டோம்.

கீழக்கரையான்
வாப்பாவுக்கு நுரையீரல். ஜெஃபிடினிப் மாத்திரை கேட்காமல் போனதும் ரத்தத்தில் டி790எம் மாற்றம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அந்த மாத்திரைக்குக் கட்டி அடங்காமல் போகவைக்கும் மரபணு மாற்றம் அது. இருந்தால் அடுத்த மாத்திரையான ஓசிமெர்டினிப் கொடுக்கலாம். ரத்தத்தில் இல்லை என்று வந்தது. ரத்தத்தில் தெரியாவிட்டாலும் கட்டியில் இருக்கலாம், மறுபடி ஊசி குத்தித் திசு எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். வளைகுடாவில் இருக்கும் அண்ணன்மார் போனில் வந்தார்கள். ஒருவர் சென்னைக்கு என்றார், ஒருவர் கீமோ என்றார், ஒருவர் வயதானவரைப் படுத்தாதே என்றார். அடுத்த அறையில் இருந்த வாப்பா எழுந்து வந்து, "என் நெஞ்சில்தானே குத்தப் போகிறார்கள், போனைக் கொடு" என்று வாங்கி அணைத்துவிட்டார். மறுநாள் அவரே ஆட்டோ பிடித்துக் கிளம்பினார். திசுவில் டி790எம் இருந்தது. அண்ணன்மார் அழைத்தால் அவர் இன்றைக்கும் எடுப்பதில்லை. யார்மேல் கோபம் என்று கேட்டால் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.

மண்டபத்தார்
பாம்பன் சகோதரிக்கு: பாசியா உயிரா என்று பார்க்க வேண்டாமா? என் மைத்துனர் குடல் புற்றுநோய்க்கு இதே கேப்சிடபைன்தான் எடுத்தார். தரையில் கால் வைக்க முடியாமல், அக்னி தீர்த்தக் கரையில் ஒரு சின்னப் பையனைப் போல அழுதார். ஆனாலும் மாத்திரையை விடவில்லை.

நீங்கள் முதலில் கேட்க வேண்டியது வேறு. கல்லீரல் புள்ளியிலிருந்து திசு எடுத்தார்களா? பரவிய இடத்தில் ஹார்மோன் ஏற்பியும் ஹெர்2-வும் (எந்த மருந்து பிடிக்கும் என்று காட்டும் புரதங்கள்) பழைய கட்டியில் இருந்த மாதிரியே இருக்கும் என்று சொல்ல முடியாது. மாறியிருந்தால் மருந்தே மாறும். உள்ளங்கை சிவக்கும்போதே டாக்டரிடம் சொன்னால், சில நாள் நிறுத்தி அளவைக் குறைத்துத் தொடர்வார். யூரியா கலந்த களிம்பை முதல் நாளிலிருந்தே தடவச் சொல்லலாமா என்று கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், புதிய மருந்துக்கு அனுமதி வாங்கியாயிற்றா என்று கேட்டுவிட்டே மதுரைக்குக் கிளம்புங்கள். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாகக் கோப்பில் வையுங்கள். எல்லாப் படத்தையும் போனில் மட்டும் வைத்திருப்பவர்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

தொண்டி, ஓய்வுபெற்ற செவிலியர்
மண்டபத்து ஐயா, கை அந்த அம்மாளுக்குச் சோறு. அதைப் பாசி என்று ஒதுக்காதீர்கள். இன்னொன்று: ஊசி போட்டால் கை தப்பிவிடும் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். பாக்லிடாக்செல் விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்யும். சிலருக்குச் சட்டைப் பொத்தான்கூடப் போட வராது. இரண்டையும் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

என் பணிக்காலத்தில் ஒரு விசைப்படகுக்காரர் வந்தார். மருந்து மாற்ற வேண்டும் என்றதும், "ஏப்ரல் 15-இல் தடைக்காலம், 61 நாள் படகு கரையில்தான் கிடக்கும், அப்போது போட்டுக்கொள்கிறேன்" என்றார். அப்போது மார்ச் தொடக்கம். டாக்டர் யோசித்துவிட்டுச் சம்மதித்தார், வலிக்கு மார்ஃபின் எழுதிக் கொடுத்தார். மார்ஃபின் என்றதும் அவர் மனைவி கடைசிக் காலம் வந்துவிட்டது என்று நினைத்துத் தூணைப் பிடித்துக்கொண்டார். அது வலிக்கு, சாவுக்கு இல்லை என்று புரியவைக்க எனக்கு அரை நாள் ஆனது. ஆனால் டாக்டர் சம்மதித்தது சரியா என்று இன்றும் எனக்கு உறுதியில்லை.

பாம்பன் மகள்
விரல் மரத்துப்போகும் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. அம்மாவிடம் இப்போதுதான் படித்துக் காட்டினேன். அளவைக் குறைத்து மாத்திரையைத் தொடங்க முடியுமா என்று திங்கட்கிழமை கேட்கப் போகிறோம், திசுவைப் பற்றியும். மண்டபத்து அண்ணனுக்கு: பாசியா உயிரா என்பதை நீங்களே ஒருநாள் வந்து அம்மாவிடம் கேளுங்கள். நான் கேட்க மாட்டேன்.