மாத்திரை வாங்க வருபவர்களிடம் மன உளைச்சலைப் பற்றிக் கேட்பது எப்படி?

கேள்வி: செவிலியர், முக்கூடல் பக்கம்

ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் மாத்திரை கொடுக்கும் பிரிவில் பணிபுரிகிறேன். வருகிற பெண்களில் பலர் பீடி சுற்றுபவர்கள். தலை கனக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, உறக்கமில்லை என்கிறார்கள். இரத்தசோகையோ தைராய்டு கோளாறோ இல்லை என்று மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகும் அதே முறையீட்டோடு திரும்ப வருகிறார்கள். மனக்கவலை உண்டா என்று கேட்டால், "ஒன்றுமில்லை சிஸ்டர்" என்று முடித்துக்கொள்கிறார்கள். ஒருவர், "என்னைக் கோட்டி (பைத்தியம்) என்கிறீர்களா?" என்று சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். வரிசை நீண்டு நிற்கிற நேரத்தில், அவர்கள் மனம் புண்படாமல் இதை எப்படித் தொடங்குவது?

பதில் 1: மனநல மருத்துவர், பாளையங்கோட்டை

சகோதரி, அவர்கள் சொன்ன உடல் தொந்தரவிலிருந்தே தொடங்குங்கள். அது பொய்யல்ல, பலருக்கு உளைச்சல் உடலில்தான் முதலில் தெரிகிறது. உறக்கமில்லை என்பவரிடம், படுத்ததும் வரவில்லையா அல்லது விடியுமுன்பே விழிப்பு வந்துவிடுகிறதா, விழித்துக் கிடக்கும்போது எதை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டால், நோயின் பெயரைச் சொல்லாமலேயே பேச்சு மனத்தின் பக்கம் திரும்பிவிடும். அடுத்து இரண்டு கேள்விகள் போதும்: கடந்த இரண்டு வாரங்களில் மனம் சோர்ந்தே இருந்ததா? வழக்கமாகப் பிடிக்கும் காரியங்களில் நாட்டம் குறைந்ததா? இரண்டாவதை ஏட்டில் உள்ளபடி கேட்க வேண்டியதில்லை. "ஊரில் கோயில் கொடை நடந்ததே, போனீர்களா, மனம் ஒட்டியதா?" என்றாலே பதில் வரும். ஆம் என்பவர்களுக்கு மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்விகள் கொண்ட படிவத்தை நிரப்புங்கள். 27-க்கு 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும்.

பலரும் தயங்குகிற கேள்வி ஒன்று உண்டு: உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதா? கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பெரும்பாலும் ஒருவராவது கேட்டாரே என்ற ஆறுதலே தெரிகிறது. ஆம் என்றால் அவரைத் தனியே அனுப்பாதீர்கள், மருத்துவரிடம் அன்றே காட்டுங்கள், வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டில் இருக்கிறதா என்று விசாரித்து, அதை அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.

பதில் 2: ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர், ஆலங்குளம்

டாக்டர் சொன்னது சரி. ஆனால் மாமியார் பக்கத்தில் நிற்கும்போது எந்த மருமகளும் வாய் திறக்க மாட்டாள். இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்று தனியறைக்கு அழைத்துக்கொள்ளுங்கள், உடன் வந்தவரை வெளியே உட்காரச் சொல்லுங்கள். வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் அதே தெருக்காரராக இருந்தால், அவரிடமும் சொல்லத் தயங்குவார்கள். கவலையின் ஊற்று பெரும்பாலும் பணம்தான்: குழுக் கடன் தவணை, சரியில்லை என்று கழிக்கப்பட்ட பீடி, குடித்துவிட்டு வரும் கணவன். இவற்றில் எதை உங்களால் தீர்க்க முடியும் என்று மலைக்க வேண்டாம். இடைமறிக்காமல் ஐந்து நிமிடம் கேளுங்கள். உடனே அறிவுரை சொல்லும் பழக்கம் நம்மிடம் சற்று அதிகம்.

பதில் 3: சிகிச்சை பெற்று வருபவர், தென்காசி

எனக்கு மருந்து எழுதிய மருத்துவர், பலன் தெரிய சில வாரங்கள் ஆகும், இது தூக்க மாத்திரை அல்ல, நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்திவிடக் கூடாது என்று முதல் நாளிலேயே சொன்னார். அதனால்தான் தொடர்ந்து சாப்பிட்டேன்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. டாக்டர், நோயாளி சொன்னதை வீட்டார் கேட்டால் சொல்லலாமா?

பதில் 1-ஐ எழுதியவர்

நோயாளியின் சம்மதமின்றிச் சொல்லாதீர்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் அவருக்கு இரகசியம் காக்கப்படும் உரிமையைத் தருகிறது. அவர் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து இருந்தால் மட்டும், காப்பதற்குத் தேவையான அளவு சொல்லலாம். இந்த விதிவிலக்கைப் பேச்சின் தொடக்கத்திலேயே அவரிடம் தெரிவித்துவிடுங்கள். இரவில் மனம் தாளாதபோது பேச, அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணைச் சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.